நீங்க ராமனா இருந்தா நான் பரதன்: இதிகாசக் கதைகளை வீட்டுக்குள் கொண்டுவர ஒரு வழிகாட்டி

அப்பா காலமான அடுத்த வருஷம் எங்கள் வீட்டில் பாகப்பிரிவினை வந்தது. மொத்தம் 6 மா நிலம் (மா என்பது எங்கள் பக்கத்து நில அளவு). ஆளுக்கு 3 மா என்பதில் தகராறு இல்லை. வாய்க்கால் மதகை ஒட்டிய மேல்பங்கு யாருக்கு என்பதில்தான் எல்லாம். டெல்டாவில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: மேல்வயலில் தண்ணீர் முதலில் பாயும், கீழ்வயல் காத்துக் கிடக்கும். ஐப்பசி மழையில் மேல்வயல் வடிந்துவிடும், கீழ்வயல் மூழ்கிக் கிடக்கும்.

மூத்தவன் நான், மேல்பங்கு எனக்கு என்றேன். தம்பி தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். எங்கிருந்தோ எனக்கு ராமாயணம் ஞாபகம் வந்தது. "பரதனைப் பார்த்தாவது கத்துக்கடா. ராஜ்யமே வேணாம்னு பாதுகையைத் தலையில வச்சுக்கிட்டு வந்தான்" என்றேன். பேச்சுக்கு வந்திருந்த பெரியவர்கள் தலையாட்டினார்கள்.

தம்பி நிமிர்ந்தான். "சரிண்ணே. நீங்க மொதல்ல ராமனா காட்டுக்குப் போங்க. நான் பரதனா இருக்கேன்."

தலையாட்டிய அதே பெரியவர்கள் சிரித்துவிட்டார்கள்.

பாட்டி சொல்லி, டிவியில் பார்த்து, உபன்யாசத்தில் அரைத் தூக்கத்தில் கேட்டு, நம்மில் பெரும்பாலோருக்கு ராமாயணமும் பாரதமும் துண்டு துண்டாகத் தெரியும். அதை வாழ்க்கைக்குப் பயன்படுத்தலாம் என்று இறங்கும்போது முதலில் செய்கிற தப்பு நான் செய்ததுதான். அந்தத் தப்புக்குப் பிறகு சில வருஷமாக நானே தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்த முறை கீழே இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இது போதும். பண்டிதர்கள் மன்னிக்கவும்.

தொடங்கும் முன்: கதை யார் பக்கம் திரும்பியிருக்கிறது?

பரதனை யாரும் "பரதன் மாதிரி இரு" என்று சொல்லவில்லை. தாய் வாங்கிக் கொடுத்த ராஜ்யத்தை அவனாகத்தான் உதறினான். நானோ, எனக்கு லாபம் வருகிற இடத்தில் நின்றுகொண்டு தம்பிக்குத் தியாகம் போதித்தேன். ஒரு கதையை எடுத்ததும் இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தக் கதைப்படி நடந்தால் இழப்பது யார், பெறுவது யார்? பெறுவது நானாக இருந்தால் வாயை மூடிக்கொள்வது உத்தமம்.

மருமகளுக்குச் சீதையைச் சொல்வதும், மகனுக்குச் சிரவணனைச் சொல்வதும், கூலி கூடக் கேட்கிற ஆளுக்கு அனுமனின் தொண்டைச் சொல்வதும் எல்லாம் இந்த வகைதான். இதிகாசத்தை அடுத்தவர் முதுகுக்குப் பிரம்பாக வெட்டிக்கொள்வது நம் ஊரில் ரொம்பப் பழைய தொழில்.

ஒரே ஒரு காட்சியை எடுங்கள்

கம்பராமாயணத்தில் ஆறு காண்டம், பத்தாயிரத்துக்கு மேல் பாட்டு. வியாச பாரதத்தை லட்சம் சுலோகம் என்று சொல்வது மரபு. முதல் பக்கத்திலிருந்து படிக்கிறேன் என்று உட்கார்ந்தால் பத்தாம் நாள் புத்தகம் அலமாரிக்குப் போய்விடும். நானும் அப்படித்தான் ஆற்றுப்படலத்தில் நின்றேன். (அது நிற்க வேண்டிய இடம்தான். கம்பர் பிறந்த தேரழுந்தூர் மாயவரத்துக்குப் பக்கம். அவர் பாடுவது சரயு நதியை. புதுவெள்ளம் வருகிற அழகைப் படிக்கும்போது எனக்கென்னவோ காவிரிதான் தெரிகிறது.)

அதனால், உங்களுக்கு இப்போது என்ன தலைவலியோ அதற்குப் பொருந்தும் காட்சியை எடுங்கள். பங்குத் தகராறா, பாண்டவர்களின் நச்சுப்பொய்கை. கடனும் சூதும் வீட்டுக்குள் வந்துவிட்டதா, அஸ்தினாபுரத்துச் சபை. கோபம் அடங்கவில்லையா, வில்லை எடுத்துக்கொண்டு கிளம்பிய இலக்குவன். மேலே இருப்பவர் தப்புச் செய்கிறார், நீங்கள் அவர் சம்பளத்தில் இருக்கிறீர்களா, கும்பகருணனும் வீடணனும். ஒரு மாதத்துக்கு ஒரு காட்சி போதும்.

எடுக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். கடவுள் அற்புதம் செய்கிற இடத்தில் நமக்கு வேலை குறைவு. நல்லவன் ஒருவன் சறுக்குகிற இடத்தில்தான் சரக்கு இருக்கிறது.

கதை உண்மையில் அப்படித்தானா?

எடுத்த காட்சியை ஏதாவது ஒரு உரைநடைப் புத்தகத்தில் ஒரு தரம் படியுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். இரண்டும் வேறு வேறாக இருக்கும். பரவாயில்லை. எது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் போதும்.

உதாரணத்துக்கு, பெண்பிள்ளைகளிடம் "கோட்டைத் தாண்டினா சீதை கதைதான்" என்று சொல்லாத தெரு இல்லை. இலக்குவன் தரையில் போட்ட அந்தக் கோடு வால்மீகியிலும் கிடையாது, கம்பரிலும் கிடையாது. கம்பரில் இராவணன் சீதையைத் தொட அஞ்சி, பர்ணசாலையை மண்ணோடு பெயர்த்து எடுத்துப் போகிறான். தாண்டுவதற்குக் கோடே இல்லை. வந்தவன் தப்பு, வந்தவன் தலையில் இருக்கிறது. ஒரு தலைமுறைப் பெண்களை அடக்கி வைத்த நீதி பிற்காலச் சேர்க்கை ஒன்றின் மேல் நிற்கிறது என்று தெரிந்ததும் என் அத்தை சொன்னது: "அட, இத்தனை நாள் யாரும் சொல்லலையே."

வேண்டாதவன் நாற்காலியில் உட்காருங்கள்

இதுதான் முறையின் நடுப்பாகம். இங்கே கொஞ்சம் நின்று போகலாம்.

கதை கேட்கும்போது நாம் எல்லோரும் தானாகவே அர்ச்சுனன் ஆகிவிடுகிறோம். யாரும் திருதராஷ்டிரன் ஆவதில்லை. எடுத்த காட்சியில் யாரைப் பிடிக்கவில்லையோ அவருடைய இடத்தில் உட்கார்ந்து ஒரு தரம் முழுக் கதையையும் ஓட்டிப் பாருங்கள்.

சூதாட்டச் சபையை எடுத்துக்கொள்வோம். தருமன் முத்தை வைத்தான், பொன்னை வைத்தான், தேர், யானை, குதிரை, நாடு எல்லாம் போயிற்று. அப்புறம் நகுலன், சகாதேவன், அர்ச்சுனன், பீமன், கடைசியில் தன்னையே. "இன்னும் திரௌபதி இருக்கிறாளே" என்று சகுனி எடுத்துக் கொடுக்க, அவளையும் வைத்தான். அழைத்துவரப் போன ஆளிடம் அவள் கேட்ட கேள்வி பிரசித்தம்: முதலில் தோற்றது தன்னையா, என்னையா? சபையில் அத்தனை பெரியவர்கள். பீஷ்மர் தருமம் நுட்பமானது என்றார். விதுரரைத் தவிர, வாய் திறந்து இது அநியாயம் என்று சொன்னது துரியோதனனின் தம்பிகளில் ஒருவனான விகர்ணன் மட்டும்தான்.

இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காமல் தாண்டிப் போகிற இடம் அடுத்தது. திருதராஷ்டிரன் பயந்துபோய்த் திரௌபதிக்கு வரம் கொடுத்து, தோற்றது அத்தனையையும் திருப்பித் தந்துவிட்டான். பாண்டவர்கள் கிளம்பியும் விட்டார்கள். பாதி வழியில் மறுபடி கூப்பிட்டார்கள். தருமன் மறுபடி போனான். 12 வருஷம் வனவாசமும் ஒரு வருஷம் மறைந்து வாழ்வதும் அந்த இரண்டாவது ஆட்டத்தில் வந்ததுதான்.

எங்கள் சொந்தத்தில் ஒரு பையன். செல்போனில் ரம்மி. ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு எதிர் இலையில் உட்கார்ந்திருந்தான். இடது கை இலைக்குக் கீழே, கட்டைவிரல் மட்டும் அசைகிறது. சாம்பார் வாளியோடு வந்தவர் இரண்டு தரம் கேட்டார். நிமிரவில்லை. மூன்றாவது தரம் அவர் ஊற்றிவிட்டுப் போய்விட்டார், சாம்பார் பாயசத்தில் கலந்து ஓடியது. அவன் அதையும் பார்க்கவில்லை. எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. அவன் அப்பாவுக்குத் தெரியாமலா இருக்கும், நமக்கு எதற்கு, என்று இருந்துவிட்டேன். அப்புறம் விஷயம் வெடித்தது, எல்லோரும் சேர்ந்து கடனை அடைத்தோம், அவன் அம்மாவின் நகையை மீட்டோம், சாமி முன்னால் சத்தியம் வாங்கினோம். நாலே மாதம். அதே நகை மறுபடி அடகுக்குப் போனது.

சபைக் கதையை அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். என் நாற்காலி பீஷ்மருடையது. விகர்ணனாக இருந்திருக்க வேண்டிய இரண்டு மாதம் அது. கடனை அடைத்த நாளை நாங்கள் முடிவு என்று நினைத்தோம். கதைப்படி பார்த்தால் மீட்டுக் கொடுத்த மறுநாள்தான் ஆபத்தான நாள். இரண்டாவது முறை அடைத்தபோது சத்தியம் எதுவும் வாங்கவில்லை. பட்டன் போன் வாங்கிக் கொடுத்து, பேங்க் பாஸ்புக்கையும் கார்டையும் அவன் அக்கா கையில் கொடுத்தோம். இதுவரை சரியாக ஓடுகிறது.

ஒரு வரி, ஒரு வாரம்

காட்சியிலிருந்து பெரிய தத்துவம் எதுவும் எடுக்க வேண்டாம். ஒரு 40 பக்க நோட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மூன்று வரி எழுதுங்கள். எந்தக் காட்சி, அதில் என் இடம் எது, இந்த வாரம் நான் செய்யப்போகிற ஒரு காரியம். "பொறுமையாக இருப்பேன்" என்று எழுதினால் அடித்துவிடுங்கள். "புதன்கிழமை சித்தப்பாவுக்குப் போன் செய்வேன்" என்று எழுதினால் வைத்துக்கொள்ளுங்கள்.

என் நோட்டில் அதிகம் வருகிற வரி கம்பருடையது. பட்டம் பரதனுக்கு, காடு இராமனுக்கு என்றதும் இலக்குவன் வில்லோடு கிளம்பிவிடுகிறான். இராமன் தடுத்துச் சொல்கிறான்: "நதியின் பிழையன்று நறும்புனல் இன்மை." ஆற்றில் தண்ணீர் இல்லாவிட்டால் அது ஆற்றின் குற்றமா? அப்படித்தான் இதுவும், அப்பாவின் குற்றமில்லை, வளர்த்த தாயின் புத்திக் குற்றமில்லை, பரதன் குற்றமில்லை, விதி செய்த பிழை, நீ எதற்குக் கோபப்படுகிறாய் என்று போகிறது பாட்டு. அயோத்திக் கதைதான், ஆனால் வறண்ட காவிரியைப் பார்த்தவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை. மேட்டூர் அணை 1934இல் வந்ததிலிருந்து ஜூன் 12 என்ற தேதியைப் பார்த்துக் காத்திருப்பவர்கள் நாங்கள். அந்தத் தேதியில் திறக்காத வருஷங்கள் எத்தனையோ. திறந்த வருஷத்திலும் வேதாரண்யம், தலைஞாயிறு பக்கக் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேரும் வரைக்கும் யாருக்கும் உறுதி கிடையாது. அந்தக் கோபத்தில் நாம் கத்துவது யாரிடம்? மதகில் ஷட்டரைத் திருகுகிற லஸ்கரிடம். அவர் என்ன செய்வார்? நானும் கத்தியிருக்கிறேன். நோட்டில் எழுதியபடி ஒரு வெள்ளிக்கிழமை போய் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். மன்னிப்பு என்ற வார்த்தையை இரண்டு பேருமே சொல்லவில்லை.

ஆனால் இந்த வரியில் ஒரு கண்ணி இருக்கிறது. அதைச் சொல்கிறவன் இராமன், அதாவது நட்டப்பட்டவன். இதே வரியைக் கைகேயி சொல்வதாகக் கற்பனை செய்து பாருங்கள், வயிறு எரியும். இழந்தவன் தன் கோபத்தைத் தணித்துக்கொள்ளச் சொன்ன சொல் அது. அதைத் தூர்வாராத வாய்க்காலுக்குச் சாக்காகச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் மனு எழுத வேண்டியதுதான், விதியை இழுக்கக் கூடாது.

ஒரே கேள்விக்கு இரண்டு பதில் வந்தால்

புதியவர்களை அதிகம் குழப்புவது இது. இராவணன் செய்தது தப்பு என்று கும்பகருணனுக்கும் தெரியும், வீடணனுக்கும் தெரியும். இரண்டு பேரும் சபையில் முகத்துக்கு நேரே சொன்னார்கள். கும்பகருணன் குத்தலாகவே சொன்னான்: பேசுவது மானம், பேணுவது காமம், மனிதரைப் பார்த்துக் கூசுகிறோம், நன்று நம் கொற்றம்! அப்புறம் ஒருவன் வெளியேறினான். மற்றவன், இத்தனை நாள் வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் போகமாட்டேன் என்று நின்று செத்தான். கம்பர் இருவரையுமே கீழே தள்ளவில்லை.

அப்படியானால் வேலையை விடுவதா, இருப்பதா? இதிகாசம் உங்களுக்காக ராஜினாமாக் கடிதம் எழுதித் தராது. ஆனால் ஒன்று: போனவனும் இருந்தவனும் முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய ஆளிடம் சொன்னார்கள். நம்மில் பலர் டீக்கடையில் வீடணனாகவும் ஆபீசில் கும்பகருணனாகவும் இருக்கிறோம், சபையில் பேசிய அந்த ஒரு பகுதியை மட்டும் விட்டுவிட்டு.

வாலி வதமும் இப்படித்தான். மறைந்து நின்று அம்பு விட்டது சரியா என்று வாலி கேட்கிற கேள்விகளுக்குக் கம்பர் எத்தனை பலம் கொடுத்திருக்கிறார் என்று படித்துப் பாருங்கள். நமக்கு வேண்டியவர் செய்தால் சரி என்று நியாயம் கட்ட வேண்டாம். பதில் தெரியாத கதை என்று நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளலாம். என் நோட்டில் அப்படி ஐந்தாறு இருக்கின்றன.

கண்ணால் பார்க்க

டெல்டாவில் இருப்பதில் ஒரு வசதி, கதையைக் கல்லிலும் சுவரிலும் பார்க்கலாம். கும்பகோணம் இராமசாமி கோயிலில் இருந்து தொடங்குங்கள். தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்தில் எழுந்தது. கருவறையில் இராமனும் சீதையும் ஒரே ஆசனத்தில் பட்டாபிஷேகக் கோலம், அனுமன் கையில் வீணையும் சுவடியும். பிராகாரச் சுவர் முழுக்க ராமாயணம் படம் படமாக வரிசையில் ஓடுகிறது. அவசரமாகச் சுற்றாதீர்கள். நீங்கள் எடுத்த காட்சி எங்கே என்று தேடிக் கண்டுபிடியுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் அவர்கள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள்.

அதே ஊர் நாகேஸ்வரன் கோயிலிலும், பசுபதிகோயிலை ஒட்டிய புள்ளமங்கையிலும் அடித்தளத்தில் உள்ளங்கை அகலச் சிற்பங்களாக ராமாயணக் காட்சிகள் இருக்கின்றன. முற்காலச் சோழர் வேலை. குனிந்து, கிட்டத்தட்ட உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

சடாயுவுக்குச் சுவாமிமலை அருகே திருப்புள்ளபூதங்குடி. இராமன் சடாயுவுக்கு ஈமக்கடன் செய்த இடம் என்று தலபுராணம். மூலவர் சயனக் கோலத்தில் இருக்கிற இராமன், வல்வில் ராமன். வைத்தீஸ்வரன் கோயிலிலும் ஜடாயு குண்டம் உண்டு. வால்மீகியைக் கேட்டால் கோதாவரிக் கரையைக் காட்டுவார். ஒரு கிழப் பறவைக்கு எத்தனை ஊர் சொந்தம் கொண்டாடுகிறது பாருங்கள். ஜெயிக்க முடியாது என்று தெரிந்தும் குறுக்கே பாய்ந்தது, தோற்றது, ஆனால் தூக்கிப் போனவன் யார், எந்தத் திசையில் போனான் என்று தேடி வந்தவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடியது. ரோட்டில் ஒரு விபத்தைப் பார்த்துவிட்டு, சாட்சி என்றால் கோர்ட்டுக்கு அலைய வேண்டுமே என்று வண்டியைத் திருப்பினால் இந்த ஊர் ஞாபகம் வரும்.

பாரதம் கேட்க வேண்டுமானால் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா. நாள் கணக்கில் பாரதம் படித்துத் தீமிதியில் முடிகிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. ஒரு ராத்திரியாவது பாய் கொண்டு போய் உட்காருங்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்லும்போது

"இதிலேர்ந்து என்ன தெரியுது?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி வந்ததும் குழந்தைகள் பள்ளிக்கூட முகம் போட்டுக்கொண்டு "பொய் சொல்லக் கூடாது" என்று ஒப்பித்துவிட்டு ஓடிவிடுவார்கள். கதையைப் பாதியில் நிறுத்தி, நீயா இருந்தா என்ன செய்வே என்று கேளுங்கள். அப்புறம் வருவதைச் சமாளிக்கத் தயாராக இருங்கள்.

தம்பி மகளுக்கு நச்சுப்பொய்கை சொன்னேன். வனவாசக் கடைசியில் தாகம். தண்ணீர் குடிக்கப் போன நாலு தம்பிகளும் பொய்கைக் கரையில் விழுந்து கிடக்கிறார்கள். யட்சன் கேட்ட கேள்விக்கெல்லாம் தருமன் பதில் சொன்னான். ஒருத்தனை மட்டும் எழுப்புகிறேன், யார் வேண்டும் என்றான் யட்சன். இங்கே நிறுத்தினேன். "பீமன்" என்றாள். சண்டைக்கு ஆள் வேண்டுமாம். வியாசர் சொல்கிறபடி தருமன் கேட்டது நகுலனை. யட்சனுக்கே ஆச்சரியம். அப்பாவுக்கு இரண்டு மனைவி, குந்திக்கு நான் ஒருவன் இருக்கிறேன், மாத்ரிக்கும் ஒரு பிள்ளை இருக்கட்டும் என்றான் தருமன்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "குந்தி கோச்சுக்க மாட்டாங்களா பெரியப்பா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தம்பி திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டில் மூன்றாவது வரியை எழுத எனக்கு அரைமணி நேரம் ஆனது. திங்கட்கிழமை காலையில் அவன் வீட்டுக்குப் போய், மேல்பங்கை நீ வைத்துக்கொள் என்று சொன்னேன். பரதன் பெயரை எடுக்கவில்லை. அவனும் ராமன் பெயரை எடுக்கவில்லை. காபி மட்டும் வந்தது.

இந்த வருஷம் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். மேல்வயல் பாய்ந்து முடிந்து என் மடைக்குத் தண்ணீர் எட்டும்போது ராத்திரி மணி இரண்டு. மண்வெட்டியும் டார்ச்சுமாகச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. தம்பி.

"என்னண்ணே, காட்டுக்குக் கிளம்பியாச்சா? இருங்க, நானும் வரேன்."